விழுந்தவரிடம் முதலில் வந்து சேருபவர்

கிராமப்புறச் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது, அவரிடம் முதலில் வந்து சேருபவர் மருத்துவராகவோ காவலராகவோ ஆம்புலன்ஸ் ஊழியராகவோ இருப்பது மிக அரிது. அதே சாலையில் பின்னாலோ எதிர்த்திசையிலோ வண்டி ஓட்டிவந்த இன்னொருவர்தான், பெரும்பாலும் இன்னோர் இருசக்கர வாகன ஓட்டிதான், முதலில் அங்கே வந்து நிற்கிறார். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸ் சேவை ஊரகப் பகுதிகளையும் எட்டியிருக்கிறது என்றாலும், அழைப்பு சென்று, இடம் அடையாளம் காணப்பட்டு, வண்டி புறப்பட்டு, ஒன்றியச் சாலையின் வளைவுகளைக் கடந்து வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் அந்த வழிப்போக்கரின் கையில்தான் இருக்கின்றன. அந்த நிமிடங்களில் செய்யப்படுவதும் செய்யாமல் விடப்படுவதும் அடிபட்டவரின் உயிரையும், உயிர் பிழைத்தால் அவர் எழுந்து நடப்பாரா என்பதையும் தீர்மானிக்கக்கூடியவை. ஆகவே சக ஓட்டிகளின் துணையை இரக்கம் என்ற அளவில் நிறுத்திவிடாமல், முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டிய திறனாகவே கருத வேண்டியிருக்கிறது.

இதன் அளவைப் புரிந்துகொள்ள மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டுக்கான அறிக்கை உதவுகிறது. அந்த ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல், இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். மொத்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஊரகப் பகுதிகளில் நேர்ந்தவை. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 விபத்துகளுடன் நாட்டிலேயே முதலிடத்திலும், இறப்புகளின் எண்ணிக்கையில் 17,884 பேருடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்திலும் இருந்தது. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் நாடு முழுவதும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள்.

நகரச் சாலையின் ஆபத்து நெரிசலில் இருக்கிறது. கிராமச் சாலையின் ஆபத்தோ வெறிச்சோடிய சாலை தரும் நம்பிக்கையில் இருக்கிறது. எதிரே ஒன்றும் இல்லை என்று எண்ணி வேகத்தைக் கூட்டியவருக்கு, வளைவைத் தாண்டியதும் டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போன எம்-சாண்டோ, ஒட்டுப்போட்ட இடத்தில் உதிர்ந்து கிடக்கும் ஜல்லியோ, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடையோ, பின்விளக்கு இல்லாமல் நிற்கும் கரும்பு டிராக்டரின் இழுவைப்பெட்டியோ திடீரென எதிர்ப்படுகிறது. வானம் பார்த்த பூமியாக உள்ள வட்டாரங்களில் அறுவடைக் காலத்தில் கொள்ளு, கேழ்வரகு, உளுந்து ஆகியவற்றைச் செடியோடு சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று விட்டுவிடும் வழக்கம் இன்றும் உண்டு. உலர்களம் இல்லாத சிறு விவசாயிக்கு வேறு வழி இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் காய்ந்த தண்டுகள் டயருக்கும் தாருக்கும் இடையே வழுக்கும் அடுக்காக அமைந்துவிடுவதையும், அவை சக்கர அச்சிலும் சங்கிலியிலும் சுற்றிக்கொள்வதையும் அந்த வழியாக முதன்முறை வருபவர் அறிந்திருப்பதில்லை. ஒவ்வோர் ஊராட்சியிலும் உலர்களம் அமைத்துக் கொடுப்பதைச் சாலைப் பாதுகாப்புச் செலவாகவும் கணக்கிடுவது நியாயமானது.

இரண்டு சக்கரங்களில் நிற்கும் வண்டி, தரையோடு டயர் தொடும் உள்ளங்கையளவு இடத்தில் கிடைக்கும் பிடிமானத்தை நம்பியே வளைகிறது, நிற்கிறது. மணல் மீது முன்பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது முன்சக்கரம் சுழற்சியை நிறுத்திச் சறுக்கத் தொடங்கினால், ஹேண்டில்பாரின் கட்டுப்பாடு அந்தக் கணமே போய்விடுகிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பும், அதற்குக் குறைந்த திறனுள்ளவற்றில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரங்களிலும் பிடிக்கும் சிபிஎஸ் அமைப்பும் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டதற்கு இதுவே காரணம். எனினும் அதற்கு முன் வாங்கப்பட்ட வண்டிகள் கிராமங்களில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டாலே, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் 25 மீட்டர் கடந்துவிடுகிறார். அந்த வேகத்தில் புளியமரத்தில் மோதும் உடல் தாங்க வேண்டிய ஆற்றல், ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மேலிருந்து விழுவதற்குச் சமம்.

இத்தகைய வீழ்ச்சியில் ஏற்படும் காயங்களில் கண்ணுக்குத் தெரியாதவையே மிகுந்த கேடு விளைவிக்கின்றன. முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் உரிந்து ரத்தம் வழிவதைக் கண்டு கூட்டம் பதறுகிறது. ஆனால் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியதால் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிவது வெளியே தெரிவதில்லை. ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடும் உடலில், தொடை எலும்பு முறிந்தால் தசைக்குள்ளேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை தேங்கிவிடக்கூடும். தலைக்காயத்தில் இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே ரத்தம் கசியும் நிலையில், அடிபட்டவர் சிறிது நேரம் மயங்கிக் கிடந்துவிட்டுத் தெளிந்து எழுந்து, தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி வண்டியை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டே போய்விடலாம். தேங்கும் ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கியதும், சில மணி நேரத்துக்குள் மீண்டும் நினைவிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே சற்று நேரமேனும் மயங்கியவரையும், வாந்தி எடுப்பவரையும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பவரையும் தனியே அனுப்பாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது, அங்கே நின்ற ஓட்டி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளுள் ஒன்று.

வந்து நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது, விழுந்தவரைவிடச் சாலையைத்தான். பின்னால் வரும் பேருந்தோ லாரியோ உதவ வந்தவரையும் சேர்த்து இடித்துவிடும் விபத்துகள் நேர்கின்றன. வளைவிலும் இரவிலும் இந்த ஆபத்து பன்மடங்கு கூடுகிறது. பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னால் மரக்கிளையை ஒடித்துப் போடும் தமிழகச் சாலை வழக்கம் இங்கும் பயன்படும். விபத்து நடந்த இடத்துக்கு இருபுறமும் நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளித் தழையைப் போட்டு, உதவிக்கு வந்த வண்டிகளை இண்டிகேட்டர் ஒளிர ஓரமாக நிறுத்தி, ஒருவர் கைபேசி விளக்கை அசைத்தபடி நின்றால், எதிர்வரும் வண்டி வேகத்தைக் குறைக்க இடம் கிடைக்கிறது. சாய்ந்து கிடக்கும் வண்டியின் சாவியைத் திருகி அணைத்துவிட வேண்டும். டேங்கிலிருந்து பெட்ரோல் ஒழுகும் இடத்தில் பீடி, சிகரெட் பற்றவைப்பவரை விலகிப் போகச் சொல்ல வேண்டும்.

108ஐ அழைக்கும்போது சொல்லப்படும் இடம் துல்லியமாக இல்லாவிட்டால் வண்டி வேறு சாலையில் அலைய நேரிடும். ஒரே பெயரில் அடுத்தடுத்து இரண்டு பட்டிகளும், மேல், கீழ் என்ற முன்னொட்டு மட்டும் மாறும் ஊர்களும் தமிழ்நாட்டில் மிகுதி. எனவே வட்டத்தின் பெயர், அருகிலுள்ள பெரிய ஊர், சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் எழுதியிருக்கும் ஊரும் தொலைவும், கல்லின் தலைப்பகுதி மஞ்சளா பச்சையா என்பது, பக்கத்திலுள்ள கோயில் அல்லது பள்ளி ஆகியவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்பதையும் தெரிவிப்பது நல்லது. மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலையையும் பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலையையும் குறிப்பதால், அந்த ஒரு சொல்லே தேடலைப் பாதியாகக் குறைக்கும். பிரதான சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் இடத்தில் ஒருவர் போய் நின்று ஆம்புலன்சுக்கு வழிகாட்டுவதும் பல நிமிடங்களை மிச்சப்படுத்துகிறது.

அடுத்ததாகச் செய்யாமல் இருக்க வேண்டியவற்றைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் நல்லெண்ணத்தால் விளையும் கேடு இந்த இடத்தில்தான் அதிகம். அடிபட்டவரை உடனே எழுப்பி உட்காரவைப்பது, வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது, காயத்தில் காப்பித்தூளை அப்புவது, கையையும் காலையும் பிடித்துத் தூக்கி இரண்டு பேருக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் இருத்தி ஓட்டிச் செல்வது ஆகிய அனைத்தும் அன்பின் பெயரால் நடக்கின்றன. நினைவு தெளியாதவர் விழுங்கும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலை அடைக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் உள்ள நீரும் இடையூறாகும். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், இரண்டு பேருக்கு நடுவே தலை தொங்க அமர்த்தப்படும் அந்தப் பயணமே தண்டுவடத்தை நசுக்கி, கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக் காரணமாகிவிடும். தீப்பிடிக்கும் அபாயமோ, வண்டிகள் மோதும் அபாயமோ இருந்தாலன்றி, அடிபட்டவரைக் கிடந்த இடத்திலேயே, கிடந்த நிலையிலேயே, தலையை இருபுறமும் கைகளால் அணைத்து அசையாமல் வைத்துக்கொண்டு பேச்சுக்கொடுத்தபடி இருப்பதே முறை.

ரத்தம் பீறிடும் இடத்தில் தோளில் கிடக்கும் சுத்தமான துண்டை மடித்து வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்த வேண்டும். நனைந்துவிட்டதே என்று எடுத்துப் பார்க்காமல், அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்தத்தைத் தொடர வேண்டும். நினைவற்றவர் மல்லாந்து கிடந்தால் நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கிறது. குறட்டை போன்ற ஓசை கேட்டாலே அடைப்பு இருக்கிறது என்று பொருள். அப்போது கழுத்தை மடக்காமல், கீழ்த்தாடையின் இரு மூலைகளிலும் விரல்களை வைத்து முன்னோக்கி உயர்த்தினால் பாதை திறக்கிறது. அவர் வாந்தி எடுத்தால், தலையும் உடலும் ஒரே நேரத்தில் திரும்பும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா என்பது எல்லா இடங்களிலும் எழும் கேள்வி. அடிபட்டவர் நினைவோடு இருந்து, மூச்சும் சீராக இருந்தால், முகப்புக் கண்ணாடியை உயர்த்திவிட்டு ஹெல்மெட்டை அப்படியே விட்டுவிடுவது நல்லது. மூச்சு நின்றுவிட்டாலோ, வாய் நிறைய ரத்தமோ வாந்தியோ தேங்கினாலோதான் கழற்ற வேண்டும். அப்போதும் இருவர் தேவை. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, ஹெல்மெட்டை இருபுறமும் பிடித்து அசையாமல் நிறுத்துகிறார். மற்றவர் தாடைக்குக் கீழுள்ள பட்டையை விடுவித்து, ஒரு கையால் தாடையையும் மறுகையால் பிடரியையும் தாங்கிக்கொள்கிறார். அதன்பின் முதலாமவர் ஹெல்மெட்டின் இருபக்க விளிம்புகளையும் வெளிப்புறமாக விரித்து, மூக்கில் இடிக்காதபடி சற்றே பின்னால் சாய்த்து, மெல்ல மெல்ல இழுக்க, தலையின் எடை முழுவதும் இரண்டாமவரின் கைக்கு வந்து சேர்கிறது. படித்தால் எளிதாகத் தோன்றும் இந்தச் செயலை, ஒருமுறையேனும் உயிருள்ள ஒருவரின் தலையில் பழகிப் பார்க்காதவரால் சாலையில் செய்ய இயலாது.

இவ்வளவும் தெரிந்தும் நிற்காமல் போகிறவர்கள் உண்டு. அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று ஒதுக்கிவிடுவதும் சரியாகாது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருக்கும், மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்கள், இடித்தவன் நீதானே என்று கூட்டம் அடிக்கப் பாயும் என்ற அச்சங்கள் நீண்டகாலம் காரணத்தோடுதான் இருந்துவந்தன. அவசர நிலையில் வருபவருக்குச் சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திராமல் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் அறிவித்தது. சேவ்லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், உதவுபவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு அதே நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தோடு தானாக முன்வந்து உதவியவர் மீது, அந்த உதவியின்போது நேர்ந்த தவறுக்காக உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க முடியாது என்று உறுதிசெய்தது. 2020 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, உதவியவரைப் பெயரோ முகவரியோ சொல்லும்படி காவலரோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தலாகாது. இந்த உரிமைகளை வட்டார மொழியிலும் எழுதி மருத்துவமனை வாயிலில் வைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு.

பணத்தைப் பற்றிய அச்சத்துக்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரம்புக்குள், இலவசமாக அளித்தது. அடிபட்டவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவரா, காப்பீட்டு அட்டை வைத்திருப்பவரா என்ற வேறுபாடு அதில் பார்க்கப்படுவதில்லை. மத்திய அரசும் 2025 மே மாதத்தில், ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை நாடு முழுமைக்கும் அறிவித்தது. காயமடைந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று மோட்டார் வாகனச் சட்டமே வரையறுக்கிறது. அதற்குள் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்து உயிர் காத்தவருக்கான ஊக்கத்தொகை 2021இல் 5,000 ரூபாயாகத் தொடங்கி, 2025இல் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

ஹெல்மெட் பற்றிய மருத்துவ அறிவு வளர்ந்ததற்கும் ஒரு கிராமச் சாலை விபத்தே தொடக்கம் என்பது பலர் அறியாத செய்தி. அரேபியாவின் லாரன்ஸ் என்று புகழ்பெற்ற ஆங்கிலேயர் டி. இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று தென் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தன் குடிலுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, சாலையின் பள்ளம் மறைத்திருந்த இரண்டு சைக்கிள் சிறுவர்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் அணிந்திராத அவர் நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களுள் ஒருவரான ஆஸ்திரேலிய நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெய்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, ஹெல்மெட்டின் பயனை வலியுறுத்தும் கட்டுரையை 1941இல் வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்நாட்டில் அது கட்டாயமானது 1973இல்தான்.

சக ஓட்டிகளுக்கே முதலுதவி கற்பிக்கும் முயற்சியும் பிரிட்டனில் வேர்பிடித்திருக்கிறது. கென்ட் மாவட்டத் தீயணைப்பு, மீட்புத் துறை 2011இல் தொடங்கிய ‘பைக்கர் டவுன்’ என்ற இலவசப் பயிற்சியில், விபத்து இடத்தைப் பாதுகாப்பது, முதலுதவி அளிப்பது, ஹெல்மெட்டைக் கழற்றுவது, பிற வாகன ஓட்டிகளின் கண்ணில் படும்படி ஓட்டுவது ஆகியவை ஒரே அமர்வில் கற்றுத்தரப்படுகின்றன. பின்னர் நாட்டின் பிற தீயணைப்புத் துறைகளும் இதை மேற்கொண்டன. ஜெர்மனியில் முதலுதவி வகுப்பை முடிக்காதவருக்கு ஓட்டுநர் உரிமமே கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் இருசக்கர வாகன உரிமம் பெறுபவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டு போட்டுக் காட்டுகிறார். அதே மைதானத்தில் அவருக்குத் தாடையை உயர்த்துவதையும், ரத்தத்தை அழுத்தி நிறுத்துவதையும் ஒரு மணி நேரம் பழக்கிக் கொடுத்தால், சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். 108இன் ஊழியர்களும் தீயணைப்பு நிலையங்களும் இருக்கும் மாநிலத்தில் இதற்கான ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை.

மருத்துவமனை வாயிலோடு துணை முடிந்துவிடுவதில்லை. கைபேசி, பணப்பை, நகை ஆகியவற்றைச் சாட்சிகள் முன்னிலையில் எடுத்துவைத்து உரியவரிடம் சேர்ப்பது, வீட்டாருக்குப் பதற்றம் கூட்டாமல் செய்தி சொல்வது, வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவது, ரத்தம் கொடுக்க ஆள் திரட்டுவது ஆகியவற்றை நண்பர்கள் குழு இயல்பாகவே செய்துவிடுகிறது. பிளேட் வைத்து மாதக்கணக்கில் வீட்டில் கிடக்கும் காலத்தில்தான் ஆட்கள் வருவது குறைந்துபோகிறது. அடிபட்டவர்களுள் பலருக்கு அந்த வளைவின் நினைவு தூக்கத்திலும் வந்து, வண்டியின் சாவியைத் தொடவே கை நடுங்கும் நிலை உண்டாகிறது. அப்போது, அச்சப்படாதே என்று கேலியாகத் துரத்தாமலும், இனி வண்டியே வேண்டாம் என்று ஒரேயடியாகத் தடுக்காமலும், முதலில் பின்னால் உட்காரவைத்தும், பிறகு ஆளில்லாத மைதானத்தில் உடன் ஓட்டியும் பழக்கும் நண்பர் பெரும் பேறு. அடிவாங்கிய ஹெல்மெட்டை மீண்டும் மாட்டிக்கொள்ள விடாமல் தடுப்பதும் அந்த நண்பரின் பொறுப்பு. அதன் உள்ளே உள்ள தெர்மாகோல் அடுக்கு ஒருமுறை நசுங்கித் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டதால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மறுமுறை அது காக்காது.

குடும்பத்தின் வருமானமே நின்றுபோகும் நிலையில், இழப்பீடு பற்றிய தெளிவும் ஓர் உதவியே. தானாகச் சறுக்கி விழுந்தால் ஒன்றும் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் உரிய காப்பீடும் இருந்தால், 15 லட்சம் ரூபாய் வரையிலான தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. இன்னொரு வாகனம் இடித்துவிட்டு நிற்காமல் போய், அது எது என்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திட்டத்தின்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் மட்டுமே கிடைக்கும். வாகனம் அடையாளம் காணப்பட்டாலோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் அவரை நம்பியிருந்தவர்களையும் கணக்கிட்டு அதைவிடப் பல மடங்கு தொகையை வழங்க முடியும். அந்த வாகனத்தின் எண்ணையும் நிறத்தையும் கண்டவர், சக்கரத் தடத்தையும் சாலையில் கிடந்த மணலையும் கூட்டம் கலைப்பதற்கு முன் படம் எடுத்துவைத்தவர், பெரும்பாலும் பின்னால் வந்த அந்த ஓட்டி ஒருவரே. பெயர் சொல்லாமல் விலகிப்போகும் உரிமையைச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. அவராகவே விரும்பிச் சாட்சி சொல்ல முன்வந்தால், அவருக்கு வசதியான இடத்திலேயே, ஒரே முறையில் வாக்குமூலத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன.